வடிவு அக்கா வீட்டுப் பானை

ஜனவரி 20, செவ்வாய்

இன்றைக்கு என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். காலநிலைத் தோழிகள் குழு, மேட்டுத்தெரு. ஜெஸிந்தா டீச்சர் என் பெயரை வாசித்ததும் பின் பெஞ்சிலிருந்து "காந்தி தாத்தாவுக்கு ஜே!" என்று ஒரு சத்தம். பாளையங்கோட்டையில் பிறந்த பிள்ளைக்குக் காந்திமதி என்று பெயர் வைத்தால் அது காலம் பூராவும் இப்படித்தான் அனுபவிக்க வேண்டும். கத்தியது ரெபேக்காள். அவள் கீழத்தெருவுக்குத் தலைவி. இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் பதினோரு வீடு. வீட்டுக்கு ஒரு ஓட்டை போட்ட மண்பானை கொடுத்து, சமையல்கட்டில் சேரும் தோல், காம்பு, டீத்தூளையெல்லாம் அதில் போட்டு உரமாக்கச் சொல்லித்தர வேண்டும். தினமும் சாயங்காலம் போய் அன்றைய கழிவை எடை போட வேண்டும். எடை குறையக் குறைய மதிப்பெண் கூடும். பிப்ரவரி கடைசியில் பானைகளைத் திறந்து பார்த்து உரத்துக்குத் தனி மதிப்பெண். குப்பை மேட்டுக்குப் போகிற சோறும் காய்கறியும் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் விடுகிறதாம், அது கரியமில வாயுவைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்குகிறதாம். டீச்சர் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். நேற்றுத்தான் அரைத்தட்டு உப்புமாவைக் கொட்டினேன்.

ஜெயிக்கிற குழுவுக்குக் களக்காட்டில், நிஜக் காட்டுக்குள், இரண்டு நாள் முகாம். நான் காடே பார்த்ததில்லை. ஜெயித்தே ஆக வேண்டும்.

ஜனவரி 24, சனி

நானும் ஷம்ஷாத்தும் பானை கொடுத்தோம். அவள்தான் என் குழுவில் உருப்படியான ஆள். தராசு அவள் கையில், பேச்சு என் வாயில். முதல் வீட்டு மாமா, "புழு வச்சா நீ வந்து பொறுக்குவியா?" என்றார். நாலாம் வீட்டில் பானையை வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே அதில் குடையைச் செருகி வைத்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் பூமியைக் காப்பாற்ற வேண்டும்!

கடைசி வீடு வடிவு அக்கா வீடு. அவர்கள் மட்டும்தான் எங்களை உட்காரச் சொல்லி முழுசாகக் கேட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், அவர் எர்ணாகுளத்துக்கு வேலை தேடிப் போயிருக்கிறார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற அகிலாவும் அக்காவும் மட்டும் இருக்கிறார்கள். பிரிட்ஜ் இருந்த மூலை காலியாக இருந்தது.

"பிரிட்ஜ் எங்கக்கா?"

"அது எதுக்குட்டி, சும்மா கரண்டை இழுத்துக்கிட்டு. பூமி சூடாவுதுன்னு நீங்கதான சொல்லுதீய?"

நாங்கள் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே செய்துவிட்டார்கள். இப்படி நாலு பேர் இருந்தால் போதும்.

ஜனவரி 30, வெள்ளி

வடிவு அக்கா வீட்டில் கழிவு இன்றும் பூஜ்யம். வெங்காயச் சருகுகூட இல்லை. தராசில் வைக்க ஒன்றுமில்லாமல் ஷம்ஷாத் திருதிருவென்று விழித்தாள். பெருமையாக வந்து அம்மாவிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லம்மா! நீயும் இருக்கியே."

தோசை கருகிவிட்டது. கருகினதைக் கழிவில் சேர்த்து எங்கள் வீட்டுக்கு எடை போட்டேன். தலைவி வீடு என்று சலுகை காட்டக் கூடாது.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்று அம்மா தூக்குவாளி நிறைய சாம்பாரும் சோறும் வடிவு அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். "கூடப் பொங்கிட்டேன்னு சொல்லு" என்றாள். இன்று காலையில் அகிலா தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு டம்ளர் அளவு சீனி. எங்கள் பக்கத்தில் யாரும் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள், அதுதான். இதில் என்ன இருக்கிறது? ஆனால் அம்மா அந்தச் சீனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே அவளுக்கு ஒண்ணும் குடுத்துவிடக் கூடாது" என்றாள்.

ஏதோ மனத்தாங்கல் போல. பெரியவர்களுக்குச் சண்டை போடக் காரணமா கிடைக்காது?

பிப்ரவரி 4, புதன்

சனியன், நாலு வீட்டுப் பானையில் புழு. முதல் வீட்டு மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பொறுக்கு" என்றார். காய்த்தோலோடு சோற்றையும் மீன் முள்ளையும் கொட்டினால் புழு வராமல் மயிலா வரும்? நாலு பேருமே பானை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கென்ன, அழுதது அழுததுதான்.

வடிவு அக்கா பார்த்துவிட்டு வந்தார்கள். "ஏட்டி, எதுக்கு அழுத? எல்லா வீட்டுத் தோலையும் என்கிட்ட கொண்டா. எம்பானையில போட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு, காய்த்தோலு மட்டும் தனி வாளில வாங்கு. டீத்தூளு, முட்டை ஓடு எல்லாம் அவங்கவங்க பானையோட போட்டும். கலந்துராத, என்ன?"

தரம் பிரிப்பதைப் பற்றி டீச்சர் அரை மணி நேரம் நடத்தியதை அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். தெய்வம்.

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளிக்கூடம் போகும்போது அகிலா எங்களுக்கு முன்னால் ஓடினாள். திங்கட்கிழமை காலையில் இவ்வளவு சந்தோஷமாக ஓடுகிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. "சனி, ஞாயிறு லீவே விடக் கூடாதுக்கா" என்கிறாள். அவள் பள்ளியில் காலையில் பொங்கல், மத்தியானம் முட்டையோடு சாப்பாடு. படிப்பில் இவ்வளவு ஆசை! நான் ரெண்டாம் வகுப்பில் வயிற்றுவலி என்று புரண்டவள்.

பிப்ரவரி 12, வியாழன்

அதிசயம். பத்து வீட்டுத் தோல் தினமும் ஒரு வாளி போகிறது, வடிவு அக்கா பானை நிறையவே இல்லையாம். டீத்தூள், முட்டை ஓடு, சருகு மட்டும் போட்டே எங்கள் வீட்டுப் பானை கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அறிவியல் சாரிடம் கேட்டேன். "அவ்வளவு சீக்கிரம் மக்காதும்மா, வாய்ப்பே இல்லை" என்றார். அவருக்கு என்ன தெரியும்? அக்கா புளித்த மோர் தெளிப்பார்களாக இருக்கும். பானையைத் திறந்து பார்க்கிறேன் என்றால், "தொறந்தா சூடு போயிரும்ட்டி" என்கிறார்கள். அதுவும் சரிதான்.

பிப்ரவரி 14, சனி

இன்று வடிவு அக்கா வாசலில் தெருப் பெண்கள் எல்லாரும் கூடினார்கள். கழிவில்லாச் சமையல் வகுப்பு, என் யோசனை. பீர்க்கங்காய்த் தோல் துவையல் எல்லாருக்கும் தெரியும். அக்கா அதோடு வாழைக்காய்த் தோல் பொரியல், பூசணித் தோல் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, காலிபிளவர்த் தண்டுப் பச்சடி என்று அடுக்கினார்கள். என் கை வலிக்க எழுதினேன். வாழைக்காய்த் தோலை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் துவர்ப்பு போய்விடுமாம். இவ்வளவும் எப்படித் தெரியும் என்று ஷம்ஷாத் கேட்டாள்.

"செஞ்சு பாத்தாத் தெரியும்" என்றார்கள் அக்கா. இன்றைக்கு அவர்கள் முகம் நன்றாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தலைவாரிப் பூ வைத்திருந்தார்கள்.

நாங்கள் முதலிடம்! கீழத்தெரு இரண்டாவது. ரெபேக்காள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே.

பிப்ரவரி 17, செவ்வாய்

அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை.

உருளைக்கிழங்கு சீவினாள். சீவினாளா அது? தோலோடு பாதிக் கிழங்கு போகிறது. கேரட்டின் தலையை வெட்டச் சொன்னால் இடுப்போடு வெட்டுகிறாள். "என்னம்மா இது, பொறுப்பே இல்லாம?" என்றேன்.

"கத்தி மொட்டையாயிட்டு" என்றாள்.

போன வாரம்தான் சாணை பிடித்தது. எங்கள் வீட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு மதிப்பெண் போனது தெரியுமா? சரி, அதை எங்கள் பானையிலாவது போடுகிறேன் என்றால், "வடிவுக்கே கொண்டு போ" என்கிறாள். சண்டை என்றால் சண்டையாக இருக்க வேண்டும், அதுவும் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

தெருவுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. மூணாம் வீட்டில் தர்பூசணித் தோலில் சிவப்புச் சதை இரண்டு விரல் கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏழாம் வீட்டில் அரைச் சுரைக்காயை அப்படியே போட்டிருக்கிறார்கள். "அழுகிட்டு" என்றார்கள். நான் முகர்ந்து பார்த்தேன். பச்சைப் பசேலென்று இருக்கிறது. பானையில் குடை வைத்த நாலாம் வீட்டு அத்தை ஒரு முழுப் பூசணிக் கீற்றைத் தூக்கி என் வாளியில் வைத்து, "பத்திரமாக் கொண்டு போ" என்கிறார்கள். குப்பையைப் பத்திரமாக வேறு கொண்டுபோக வேண்டுமாம்!

அம்மாதான் காரணம். குழாயடியில் நின்று என்னமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்துதான் எல்லாரும் இப்படி.

தெரு நடுவில் நின்று கத்திவிட்டேன். "உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்துது. ஒரு கிழங்கு விளைய எவ்வளவு தண்ணி, எவ்வளவு டீசல் செலவாவுது தெரியுமா?" எல்லாரும் வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டார்கள். ஒருத்தராவது திருப்பித் திட்ட வேண்டாமா? நாலாம் வீட்டு அத்தை சிரித்தபடியே, "நல்லாப் பேசுதா, என்ன" என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

கீழத்தெரு எங்களைத் தாண்டிவிட்டது. களக்காடு போச்சு.

பிப்ரவரி 25, புதன்

இன்னும் நம்பிக்கை இருக்கிறது! சனிக்கிழமை பானைப் பரிசோதனை. தலைமையாசிரியையும் மாநகராட்சி அதிகாரி ஒருவரும் வருகிறார்கள். உர மதிப்பெண் சேர்ந்தால் நாங்கள்தான் முதல். பத்து வீட்டுத் தோல் போன பானை அல்லவா, மேட்டுத்தெருவில் முதலில் வடிவு அக்கா வீட்டுப் பானையைத்தான் எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும் என்று நானே டீச்சரிடம் சொன்னேன்.

ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் வருவாவளா?" என்று மட்டும் கேட்டார்கள்.

"ஆமாக்கா. போட்டோ எடுப்பாவ. பொன்னாடைகூடப் போடுவாவ!"

"சரிட்டி" என்றார்கள். உடம்பு சரியில்லை போல.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் பள்ளிக்கு முன்னால், உரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அக்கா குழாய்க்குப் போயிருந்தார்கள். அகிலா தலைமுடியைப் பின்னத் தெரியாமல் பின்னிக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கம் போய்ப் பானை மூடியைத் தூக்கினேன்.

காலி. கழுவிக் கவிழ்த்த மாதிரி சுத்தமாக இருந்தது. அடியில் கொஞ்சம் வேப்பஞ்சருகு.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஏமாற்றுக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு தோலையும் ரகசியமாகத் தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு எங்களிடம் நடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். நேராக அடுப்படிக்குப் போனேன். அங்கே எங்கள் வாளி இருந்தது. பக்கத்தில் முறம். முறத்தில் நேற்றுச் சாயங்காலம் நாங்கள் எடை போட்டுக் கொடுத்த தோல் எல்லாம் கழுவி, வகை வகையாகப் பிரித்து வைத்திருந்தது. கேரட் ஒரு பக்கம், சுரைக்காய் ஒரு பக்கம். சோற்றுப் பானையில் சோறு இல்லை. அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தேன். திறந்திருக்கக் கூடாது.

அகிலா பின்னாலேயே வந்து நின்றாள். "நேத்து உங்க வீட்டு உருளைக்கெழங்குக்கா. நல்லா இருந்துச்சு" என்றாள்.

பள்ளிக்கூடம் போனேன். என்ன நடத்தினார்கள் என்று தெரியாது.

சாயங்காலம் அம்மாவிடம், "ஒனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"மூணு மாசமா அவ வீட்டுக்காரன் பணமும் அனுப்பல, போனும் எடுக்கல. வடிவு யார்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டா. நீ வந்து பூஜ்யம்னு குதிச்சியே, அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. சோறு குடுத்தேன். தூக்குவாளியை வெறுமனே அனுப்பக் கூடாதுன்னு இருந்த சீனியையெல்லாம் வழிச்சுப் போட்டு அனுப்பிட்டா. நாம ஒண்ணு குடுத்தா அவளுக்கு ஒண்ணு போவுது. தோலுக்கு யாரும் பாத்திரம் திருப்ப வேண்டாம்லா?"

"தெருவுக்கே தெரியுமாம்மா?"

"பொம்பளைகளுக்குத் தெரியும். நீ வெளிய மூச்சு விட்ட, கொன்னுருவேன்."

தெரு நடுவில் நின்று நான் கத்தினபோது இவர்கள் எல்லாரும் எப்படித்தான் சிரிக்காமல், அழாமல் நின்றார்களோ. எனக்கு ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அந்தப் பானையைத் திறப்பார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

விடிந்ததும் எங்கள் வீட்டுப் பானையை இரண்டு வாளியில் காலி செய்தேன். நல்ல உரம். கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தது. ஐந்து வாரம் ஒரு முட்டை ஓடுகூட நொறுக்காமல் போட்டதில்லை நான். அம்மா கதவைத் திறந்து விட்டாள்.

வடிவு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, எங்க பானை நிறைஞ்சு வழியுது. கொஞ்சம் உங்க பானையில போட்டுக்கிடவா?" வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் இது.

அக்கா வாளியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போடு" என்றார்கள்.

கொல்லையில் இரண்டு பேரும் சேர்ந்து கொட்டினோம். அக்கா கையாலேயே மேலே நிரவி விட்டார்கள். "அப்ப நாளைக்கு ஒங்க பானையில என்ன இருக்கும்?"

"புதுசா ஆரம்பிச்சுக்கிடுவேன்க்கா."

"தலைவி வீடுல்லா அது, ஏட்டி?"

"அதுக்கென்ன."

நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்கள். கறிவேப்பிலை மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்து வாளிக்குள் போட்டார்கள். "வெறும் வாளியாக் கொண்டு போவாத" என்றார்கள். அப்போதுதான் அவர்கள் அழுதார்கள். நானும்தான்.

பிப்ரவரி 28, சனி

வந்தார்கள். வடிவு அக்கா பானையைத் திறந்ததும் அதிகாரி ஒரு கை அள்ளி முகர்ந்து, "அருமை" என்றார். போட்டோ எடுத்தார்கள், பொன்னாடை போட்டார்கள். அகிலா அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு தெரு முழுக்க ஓடினாள். ஜெஸிந்தா டீச்சருக்கு அக்கா பூசணித் தோல் துவையல் கொடுத்தார்கள். டீச்சர் விரலை நக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.

அடுத்தது எங்கள் வீடு. மூடியைத் தூக்கினார்கள். இரண்டு வேப்பிலை.

தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஊருக்கு உபதேசம் பண்ணினாப் போதுமா? தலைவி வீட்டுப் பானையே காலி!" ரெபேக்காள் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். ஷம்ஷாத் வாயைத் திறந்து என்னமோ சொல்ல வந்தாள். வாரா வாரம் எங்கள் பானையைக் கிளறியவள் அவள்தானே. நான் அவள் காலை மிதித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டேன் மிஸ்" என்றேன். வடிவு அக்கா முன்னால் வரப் பார்த்தார்கள். அம்மா அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கீழத்தெரு ஜெயித்தது. எங்கள் வீட்டுப் பானைக்கு மதிப்பெண் இருந்திருந்தால் நாங்கள்தான். ஷம்ஷாத் என்னோடு பேசவில்லை. அவளும் காடு பார்த்ததில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு டீச்சரிடம் போனேன். "மிஸ், நம்ம ஸ்கூல் ஹாஸ்டல் சமையல்கட்டுலதான் ஊர்லயே அதிகமாத் தோல் போவுது. அங்க சமையலுக்கு ஆளும் பத்தலைன்னு சொன்னீங்க. வடிவு அக்கா மாதிரி ஒருத்தங்க இருந்தா பாதியாக் குறையும்" என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் எங்கள் வீட்டுக் காலிப் பானையைப் பார்த்தார்கள். "ஹாஸ்டல் வார்டன்கிட்டப் பேசிப் பார்க்கிறேன்" என்றார்கள். பார்ப்பார்களா, தெரியாது. பார்ப்பார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

போட்டி முடிந்தாலும் சாயங்காலம் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் ஷம்ஷாத் முறைத்துக்கொண்டு நின்றாள். நேற்று ராத்திரி யோசித்திருப்பாள் போல.

"தராசு கொண்டு வரல" என்றாள்.

"வேண்டாம்ட்டி. இனிமே எடை போட வேண்டாம்."

வாளியின் இன்னொரு பக்கக் கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அதற்கு முன்னால், மத்தியானம், எங்கள் வீட்டு உருளைக்கிழங்கை நான் சீவினேன். மெல்லிசாகச் சீவிப் பழகின கை, தடிமனாக வரவே மாட்டேன் என்கிறது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டு" என்றாள்.